இல்லாத போட்டிக்காகப் பன்னிரண்டு வருடம்

2004 ஏதென்ஸ் என்றால் நம்மில் பெரும்பாலானவர்களுக்கு ராஜ்யவர்தன் சிங் ரத்தோர்தான் ஞாபகத்துக்கு வருவார். துப்பாக்கி சுடுதலில் வெள்ளி, அந்த ஒலிம்பிக்கில் இந்தியாவுக்குக் கிடைத்த ஒரே பதக்கம், எல்லாப் பத்திரிகையிலும் முதல் பக்கம். அதே ஊரில் அடுத்த மாதமே, செப்டம்பரில், மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக்கில் தேவேந்திர ஜஜாரியா என்ற 23 வயது ராஜஸ்தான் பையன் ஈட்டியை 62.15 மீட்டர் தூரம் எறிந்து உலக சாதனையோடு தங்கம் வாங்கினார். அதுவரை இருந்த சாதனை 59.77. ஈட்டி எறிபவர்கள் ஒரு சாதனையைப் பத்து, இருபது சென்டிமீட்டர் நகர்த்தவே வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள், இவர் ஒரே எறியில் இரண்டு மீட்டருக்கு மேல் தள்ளி வைத்துவிட்டு வந்தார். அன்றைக்கு அது எங்கள் வீட்டுக்கு வந்த பேப்பரில் என் கண்ணில் படவே இல்லை. பள்ளிக்கூடத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்தவன் நான், விளையாட்டுப் பக்கத்தை வரி விடாமல் படிப்பவன், எனக்கே தெரியாது என்றால் மற்றவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

ஜஜாரியாவைப் பற்றி இப்போது தேடினால் கிடைக்கும் கட்டுரைகளில் பாதி ஒரே மாதிரி இருக்கும். சுரு மாவட்டத்துக் கிராமம், எட்டு வயதில் மரம் ஏறியது, கிளைக்குள் மறைந்திருந்த 11,000 வோல்ட் மின்கம்பியில் கை பட்டது, இடது கையை எடுக்க வேண்டி வந்தது, அதற்கு மேல் நெஞ்சை உருக்கும் நாலு பத்தி, கடைசியில் 'தன்னம்பிக்கை இருந்தால் எதையும் சாதிக்கலாம்'. எனக்கு இந்த வகை எழுத்து அலுத்துவிட்டது. விபத்து நடந்தது எட்டு வயதில், அதற்கப்புறம் அந்த மனிதர் முப்பது வருடத்துக்கு மேல் என்ன செய்தார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது, அதை இரண்டு வரியில் முடித்துவிட்டுத் திரும்பவும் மரத்துக்கே போய்விடுவார்கள். அவர் எறிபவர். எறிபவராகவே அவரைப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சுரு பாலைவனத்தை ஒட்டிய ஊர். கோடையில் நாட்டிலேயே அதிக வெப்பம் பதிவாகும் இடங்களில் ஒன்றாகச் செய்தியில் அடிபடும், 50 டிகிரியைத் தாண்டிய நாட்களும் உண்டு. பளபளக்கும் மைதானமும் செயற்கை ஓடுபாதையும் அங்கே எங்கிருந்து வரும்? ஆனால் எறிகிறவர்களுக்கும் அந்த வட்டாரத்துக்கும் ஏதோ ஒட்டுறவு இருக்கிறது. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் வட்டு எறிந்து தங்கம் வாங்கிய கிருஷ்ணா பூனியாவுக்குப் புகுந்த ஊர் அந்தப் பக்கம்தான். ஜஜாரியாவைக் கண்டெடுத்தவர் ஆர்.டி. சிங் என்ற பயிற்சியாளர், 1997 இல் ஒரு பள்ளி விளையாட்டுப் போட்டியில். மாற்றுத்திறனாளிகளுக்கான போட்டி உலகம் ஒன்று இருப்பதே அதற்குப் பிறகுதான் அந்தப் பையனுக்குத் தெரிய வருகிறது. அதுவரை அவர் எறிந்தது எல்லாம் இரண்டு கை உள்ள பையன்களோடு போட்டி போட்டுத்தான். 2002 இல் கொரியாவின் பூசானில் மாற்றுத்திறனாளிகளுக்காக நடந்த ஃபெஸ்பிக் போட்டியில் தங்கம், அப்புறம் ஏதென்ஸ்.

இங்கே ஒரு சந்தேகம் நிறையப் பேர் கேட்பார்கள். வலது கையால் எறிகிற ஆளுக்கு இடது கை இல்லாவிட்டால் என்ன, எறிகிற கை நன்றாகத்தானே இருக்கிறது? ஆட்டம் ஆடாதவர்கள் கேட்பதில் தப்பில்லை. டிவியில் பார்க்கும்போது எல்லோர் கண்ணும் ஈட்டி பிடித்த கையிலேயே இருக்கும், இடது கை என்ன செய்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. அடுத்த முறை நீரஜ் சோப்ராவின் எறியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கடைசி ஐந்தாறு எட்டுகளில் காலை மாற்றி மாற்றிக் குறுக்கே வைத்து ஓடும்போது இடது கை நீண்டு முன்னால், ஏறக்குறைய ஈட்டிக்கு இணையாக இருக்கும். அந்தக் கைதான் இடது தோளை எறியும் திசை நோக்கிப் பூட்டி வைக்கிறது, மார்பு சீக்கிரம் திறந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறது. அப்புறம் இடது கால் விறைப்பாக ஊன்றும், அதே நொடியில் இடது முழங்கையை விலாவோடு சேர்த்து இழுத்து நிறுத்துவார்கள். உடம்பின் இடது பக்கம் முழுக்க கதவுக் கீல் மாதிரி அசையாமல் நிற்க, வலது பக்கம் அதைச் சுற்றி விசிறிக்கொண்டு வரும். ஓடி வந்த வேகம் அத்தனையும் இடுப்பு, முதுகு, தோள், முழங்கை என்று ஏறி 800 கிராம் ஈட்டிக்குள் போவது அந்த இமைப்பொழுதில்தான். கீல் ஆடினால் எல்லாம் போச்சு. உடம்பு இடது பக்கம் சாயும், வேகம் கசியும், ஈட்டி வால் தூக்கிக்கொண்டோ பக்கவாட்டில் நழுவிக்கொண்டோ போய் விழும்.

இதை வாயால் சொன்னால் ஏறாது என்று ஒரு நாள் எங்கள் பழைய கல்லூரி மைதானத்தில் இடது கையைத் துண்டால் இடுப்போடு கட்டிக்கொண்டு எறிந்து பார்த்தேன். கூட வந்த நண்பன் சிரித்துக்கொண்டே கட்டிவிட்டான். நடந்து வந்து எறியும்போது பெரிய வித்தியாசம் தெரியவில்லை, சரி, இவ்வளவுதானா என்று தோன்றியது. ஓட ஆரம்பித்ததும் கதை மாறியது. வலது கை தலைக்கு மேல் ஈட்டியோடு இருக்கிறது, அதற்கு எடை ஈடு செய்ய இந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை, நேராக ஓடுவதே பாடாக இருந்தது. குறுக்கு எட்டு வைக்கும்போது இடது தோள் தன்னால் பின்னால் திறந்துகொண்டது, கால் ஊன்றியதும் நான் இடது பக்கமாகத் தள்ளாடிக் கோட்டைத் தாண்டிப் போய் நின்றேன். ஈட்டி எங்கே போனது என்று நண்பனைத்தான் கேட்க வேண்டியிருந்தது. ஒரு சாயங்காலம் கையைக் கட்டிக்கொண்டதால் கை இல்லாதவரின் வாழ்க்கை விளங்கிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை, அப்படிச் சொல்பவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். எனக்கு விளங்கியது ஈட்டியைப் பற்றி ஒரு விஷயம். இடது கை செய்கிற வேலையை வயிறும் முதுகும் இடது தொடையும் சேர்ந்து செய்தாக வேண்டும், அதுவும் முழு ஓட்டத்தில். ஜஜாரியா எறியும் வீடியோக்களில் அந்த நடு உடம்பைப் பாருங்கள், அப்படியே தெரியும்.

இன்னொன்று, எடைப் பயிற்சி. எறிபவர்களின் பாதி வாழ்க்கை இரும்போடுதான். ஸ்நாட்ச், க்ளீன் என்று பார்பெல்லைத் தரையிலிருந்து பிடுங்கித் தூக்குவதெல்லாம் இரண்டு கை இருப்பதாக வைத்துக்கொண்டு உருவான பயிற்சிகள். ஒரு கை இல்லாதவர்கள் பட்டை கட்டி, கொக்கி மாட்டி, டம்பெல்லுக்கு மாற்றி என்று ஒவ்வொன்றுக்கும் தனி வழி கண்டுபிடிக்க வேண்டும். இப்போது இதற்கெல்லாம் உபகரணமும் ஆளும் இருக்கிறார்கள். 2004 இல் சுருவிலிருந்து வந்த ஒரு பையனுக்கு இதில் எவ்வளவு கிடைத்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, தலைப்புக்கு வருகிறேன்.

பாராலிம்பிக் தடகளத்தில் ஒவ்வொரு போட்டியும் ஒரு எழுத்தோடும் எண்ணோடும் வரும். எறிதலுக்கு எஃப். பார்வைக் குறைபாடு 11 முதல் 13 வரை, பெருமூளை வாதம் முப்பதுகளில், குள்ளமானவர்கள் 40, 41, கால் பாதிப்பு நாற்பதுகளிலும் செயற்கைக் கால் அறுபதுகளிலும், உட்கார்ந்து எறிபவர்கள் ஐம்பதுகளில். ஒரு கை பாதிக்கப்பட்டவர்களுக்கு எஃப்46. ஜஜாரியாவின் வகை அதுதான். மருத்துவர்களும் நுட்பம் தெரிந்தவர்களும் உள்ள குழு ஆளைச் சோதித்து, எறிய வைத்துப் பார்த்து, இந்த எண் என்று எழுதிக் கொடுக்கும்.

இந்த எண் தெரியாமல் தூரத்தை மட்டும் பார்ப்பது முட்டாள்தனம். 2016 ரியோவில் தீபா மலிக் குண்டு எறிந்து வெள்ளி வாங்கினார், பாராலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் அவர்தான். தூரம் 4.61 மீட்டர். அதைக் கேட்டுவிட்டு, இவ்வளவுதானா, எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளே இதைவிட எறிவார்களே என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அவருடைய வகையான எஃப்53 என்றால் மார்புக்குக் கீழே உடம்பு பேச்சைக் கேட்காது, விரல் பிடிப்பும் முழுசாக இருக்காது. தரையோடு இழுத்துக் கட்டப்பட்ட இரும்பு நாற்காலியில் உட்கார வைத்து, தொடையையும் பட்டையால் கட்டி, இடுப்பு சீட்டை விட்டு எழும்பாமல் எறிய வேண்டும். சாதாரணக் குண்டு எறிதலில் காலிலிருந்துதான் வேகமே புறப்படும், அந்தக் கால் கணக்கிலேயே இல்லை. தங்கம் வாங்கிய பஹ்ரைன் பெண் எறிந்தது 4.76. இரண்டு பேருக்கும் நடுவே ஒரு சாண் கூட இல்லை.

ஆனால் இந்த எண் இன்னொரு வேலையும் செய்கிறது. பாராலிம்பிக்கில் எத்தனை தங்கம், எத்தனை வீரர்கள் என்று உச்ச வரம்பு உண்டு, எல்லா வகைக்கும் எல்லாப் போட்டியும் வைக்க முடியாது. போதுமான நாடுகளில் போதுமான ஆட்கள் இல்லாத வகையைப் பக்கத்து வகையோடு சேர்ப்பார்கள், இல்லாவிட்டால் வெட்டுவார்கள். சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு 2012 லண்டனில் நடந்த கூத்து ஒன்று போதும். பெண்கள் வட்டு எறிதலில் எஃப்35, எஃப்36 இரண்டையும் சேர்த்து, தூரத்தை வகைக்கு ஏற்றபடி புள்ளியாக மாற்றி வெற்றியாளரை முடிவு செய்தார்கள். உக்ரைனின் மரியா பொமசானுக்குத் தங்கம் என்று அறிவித்துக் கையில் கொடுத்தும் ஆயிற்று. அப்புறம் பார்த்தால் புள்ளிக் கணக்கு தப்பு, சீனாவின் வூ சிங்தான் முதலிடம் என்று மாற்றினார்கள். கழுத்தில் விழுந்த தங்கத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னால் எப்படி இருக்கும்?

ஜஜாரியாவுக்கு நடந்தது வெட்டு. ஏதென்ஸில் உலக சாதனையோடு தங்கம் வாங்கிய போட்டி 2008 பெய்ஜிங்கில் இல்லை. 2012 லண்டனிலும் இல்லை. காயமில்லை, தடையில்லை, ஃபார்ம் போகவில்லை. எஃப்46 ஈட்டி எறிதல் நிகழ்ச்சி நிரலிலேயே இல்லை, அவ்வளவுதான். பெய்ஜிங் நடக்கும்போது அவருக்கு வயது 27, லண்டனில் 31. எறிகிறவர்களைக் கேளுங்கள், உடம்பில் பலமும் தலையில் அனுபவமும் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும் வயது அது. உலக சாதனையாளர் ஒருவர் தன் சிறந்த வருடங்களில் இரண்டு பாராலிம்பிக்கை வீட்டிலிருந்து டிவியில் பார்க்க வேண்டியதாயிற்று. அதில் முதலாவதில் இந்தியா ஒரு பதக்கம்கூட வாங்கவில்லை, இரண்டாவதில் உயரம் தாண்டுதலில் கிரிஷா வாங்கிய வெள்ளி ஒன்றோடு சரி.

ஒலிம்பிக்கில் இப்படி ஒன்றை நினைத்துப் பாருங்கள். நீரஜ் டோக்கியோவில் தங்கம் வாங்கினார், அடுத்த இரண்டு ஒலிம்பிக்கில் ஈட்டி எறிதல் கிடையாது, 2032 இல் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னால் நாடே கொந்தளிக்கும், டிவி விவாதம் விடிய விடிய ஓடும். ஜஜாரியா விஷயத்தில் ஒரு சத்தமும் எழவில்லை. 2004 லேயே அர்ஜுனா விருது கொடுத்தாயிற்று, 2012 இல் பத்மஸ்ரீ, மரியாதைக்குக் குறைவில்லை. போட்டி மட்டும் இல்லை.

இந்த வருடங்களில் விட்டுவிடலாமா என்று யோசித்ததாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வேலை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது, தங்கம் வாங்கியாயிற்று, பாக்கி என்ன? கபடி ஆடியவரான அவருடைய மனைவிதான் விடாதே என்று நிறுத்தியிருக்கிறார். எறிந்து பழகியவனுக்கு, அடுத்த போட்டி எப்போது என்று தெரியாமல் பயிற்சி செய்வது என்றால் என்ன என்று கொஞ்சம் தெரியும். தேதி இருந்தால் உடம்பு தன்னால் அதற்குத் தயாராகும், இந்த மாதம் பளு, அந்த மாதம் வேகம் என்று பின்னாலிருந்து கணக்குப் போட்டு வரலாம். தேதியே இல்லாவிட்டால் எதிலிருந்து பின்னால் எண்ணுவது? ஒவ்வொரு நாள் காலையிலும் எழுந்து ஈட்டியை எடுக்க உங்களுக்கு ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணத்தை நீங்களே தயாரித்துக்கொள்ளவும் வேண்டும். எனக்கு மாவட்டப் போட்டி முடிந்த அடுத்த வாரமே அந்தக் காரணம் தீர்ந்துவிட்டது.

ரியோவில் தன் போட்டி சேர்க்கப்படுகிறது என்று தெரிந்ததும் 2013 இல் காந்திநகரில் உள்ள இந்திய விளையாட்டு ஆணையத்தின் (சாய்) மையத்துக்குப் போய் முழுநேரப் பயிற்சியில் இறங்கினார். அந்த வருடமே பிரான்சின் லியோனில் நடந்த உலகப் போட்டியில் தங்கம், தூரம் 57.04. ஏதென்ஸ் எறியோடு ஒப்பிட்டால் ஐந்து மீட்டருக்கு மேல் குறைவு, இறங்கிப் போன ஆள் மாதிரிதான் தெரிந்தது. 2014 இஞ்சியோன் ஆசியப் போட்டியில் வெள்ளி. 2015 தோஹா உலகப் போட்டியிலும் வெள்ளி, 59.06. இந்த எண்களைப் பார்த்துவிட்டு 35 வயதில் ரியோவுக்குப் போகிறவர் மேல் யார் பணம் கட்டுவார்கள்?

63.97. தன்னுடைய பன்னிரண்டு வருட உலக சாதனையைத் தானே உடைத்தார். இரண்டாவது வந்த சீனாவின் குவோ சுன்லியாங் 59.93. இடையில் நாலு மீட்டர். தனிநபர் போட்டியில் பாராலிம்பிக் தங்கத்தை இரண்டு தடவை வாங்கிய முதல் இந்தியர் ஆனார். இந்திய நேரப்படி விடியற்காலை, செய்தி வந்தபோது பாதி நாடு தூங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வருடம் கேல் ரத்னா கொடுத்தார்கள். பாரா வீரருக்கு முதல் முறையாம், பெருமையோடு அறிவித்தார்கள். முதல் தங்கத்துக்கும் அந்த விருதுக்கும் நடுவே 13 வருடம் என்பதை யாரும் சொல்லக் கேட்கவில்லை.

அதே ரியோவில் இன்னொரு இந்தியருக்கு நடந்ததையும் சொல்லியாக வேண்டும். சுந்தர் சிங் குர்ஜர், அவரும் ராஜஸ்தான், அவரும் எஃப்46. 2015 இல் ஒரு விபத்தில் இரும்புத் தகடு விழுந்து இடது கை போனது, அடுத்த வருடமே பாராலிம்பிக்குக்குத் தகுதி பெற்றுவிட்டார். இறுதிப் போட்டிக்கு முன் வீரர்கள் வந்து ஆஜர் கொடுக்க ஓர் அறை உண்டு, அங்கே சொன்ன நேரத்துக்கு இருக்க வேண்டும். இவர் ஒரு நிமிடத்துக்கும் குறைவான தாமதத்தில் போய் நின்றார். உள்ளே விடவில்லை. ஒரு ஈட்டிகூட எறியாமல் திரும்பி வந்தார். கையை இழந்த ஒரே வருடத்தில் அவ்வளவு தூரம் வந்தவரைக் கடைசியில் நிறுத்தியது ஒரு கடிகாரம். அடுத்த வருடமே லண்டனில் உலக சாம்பியன் ஆனார், 2019 துபாயில் திரும்பவும். அதைப் படித்தபோது எனக்கு விசில் அடிக்கலாம் போல் இருந்தது.

2021 ஆகஸ்ட் 30 இந்திய பாரா விளையாட்டில் விநோதமான நாள். டோக்கியோவில் காலையிலேயே அவனி லெகரா துப்பாக்கி சுடுதலில் தங்கம், யோகேஷ் கதுனியா வட்டு எறிதலில் வெள்ளி, எஃப்46 ஈட்டியில் இரண்டு பதக்கம், சாயங்காலம் எஃப்64 ஈட்டியில் சுமித் ஆண்டில் 68.55 மீட்டர் எறிந்து உலக சாதனையோடு தங்கம். அதே நாளில் இன்னொரு இந்தியர் முந்தின தினம் வட்டு எறிதலில் வென்ற வெண்கலத்தை, அவருக்கு எந்த வகையும் ஒதுக்க முடியவில்லை என்று சொல்லிப் பறித்துவிட்டார்கள். எறிந்த தூரம் எறிந்ததுதான், ஆனால் வகைப்பாட்டுக் குழு கையெழுத்துப் போடாவிட்டால் அந்தத் தூரத்துக்கு அர்த்தமில்லை. அதில் யார் பக்கம் நியாயம் என்பது தனிக் கதை. இந்த விளையாட்டில் ஒரு எண் எவ்வளவு அதிகாரம் வைத்திருக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

எஃப்46 ஈட்டிக்கு வருவோம். ஜஜாரியாவுக்கு நாற்பது வயது. முந்தின வருடம்தான் அப்பா புற்றுநோயில் இறந்துபோயிருந்தார், நடுவில் கொரோனா, மைதானங்கள் பூட்டு. அப்படியும் டெல்லியில் நடந்த தேர்வுப் போட்டியில் 65.71 எறிந்துவிட்டுத்தான் டோக்கியோவுக்கு விமானம் ஏறினார். இறுதிப் போட்டியில் 64.35. ஏதென்ஸில் எறிந்ததைவிட, ரியோவில் எறிந்ததைவிட அதிகம். அவருடைய மூன்று பாராலிம்பிக் எறிகளில் மிக நீளமானது இது, ஆனால் கிடைத்தது வெள்ளி. இலங்கையின் தினேஷ் பிரியந்த ஹேரத் 67.79 எறிந்துவிட்டார். ரியோவில் 58.23 எறிந்து வெண்கலம் வாங்கிய அதே ஆள், ஐந்து வருடத்தில் ஒன்பது மீட்டருக்கு மேல் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். இலங்கைக்கு அதுதான் முதல் பாராலிம்பிக் தங்கம். குர்ஜர் 64.01 எறிந்து வெண்கலம், ஆஜர் அறைக்கு இந்த முறை சரியான நேரத்துக்குப் போயிருந்தார்.

ஹேரத் ராணுவ வீரர். 2008 இல் வன்னிப் போரில் கையில் பலத்த காயம்பட்டவர். தமிழில் எழுதுகிற எவனும் அந்த வரியை ஓட்டமாகக் கடந்துபோக முடியாது. அதே போரில், அதே மண்ணில் கை கால் இழந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் கையில் யாராவது ஒரு ஈட்டியைக் கொடுத்திருப்பார்கள்? ஹேரத்துக்கு ராணுவம் இருந்தது, முகாம் இருந்தது, பயிற்சியாளர் இருந்தார். அவர் எறிந்த 67.79 இல் எந்தக் குறையும் எனக்குத் தெரியவில்லை, அது அபாரமான எறி. எனக்கு அந்த எறியும் பிடிக்கும், இந்தக் கேள்வியும் போகாது.

ஜஜாரியாவுக்கு 2022 இல் பத்மபூஷண் வந்தது, பாரா வீரருக்கு அதுவும் முதல் தடவை. 2024 மார்ச்சில் இந்திய பாராலிம்பிக் கமிட்டித் தலைவர் ஆனார். அதே வருடம் சுரு தொகுதியில் பாஜக வேட்பாளராக நாடாளுமன்றத் தேர்தலில் நின்று தோற்றார். தேர்தலைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, அரசியலில் எறிகிற ஈட்டியே வேறு. தலைவர் பதவி விஷயம் அப்படியில்லை. எந்த வகை எந்தப் போட்டிக்கு இருக்கும், எது போகும் என்று பேசப்படுகிற உலகத்தில், தன் போட்டி வெட்டப்பட்டு இரண்டு பாராலிம்பிக்கை இழந்தவர் ஒருவர் இந்தியாவின் சார்பில் உட்கார்ந்திருக்கிறார். கோப்பைப் புரட்டித் தெரிந்துகொள்கிறவருக்கும் அனுபவித்துத் தெரிந்தவருக்கும் வித்தியாசம் இருக்கும் என்று நம்புகிறேன். எல்லா முன்னாள் வீரர்களும் நல்ல நிர்வாகியாகிவிடுவதில்லை என்பதையும் பார்த்துத்தான் இருக்கிறோம், அதனால் இப்போதே மாலை போட வேண்டியதில்லை.

அவர் தலைவராக இருந்தபோது நடந்த பாரிஸ் 2024 இல் இந்தியா 29 பதக்கம் வாங்கியது. ஏதென்ஸில் இரண்டு, பெய்ஜிங்கில் பூஜ்யம் என்று இருந்த நாடு. அதில் எறிதலின் பங்கு பெரிது. சுமித் ஆண்டில் 70.59 எறிந்து தங்கத்தைத் தக்கவைத்தார். பெருமூளை வாதமோ முதுகுத்தண்டு பாதிப்போ உள்ளவர்கள் உட்கார்ந்து மரக்கட்டை எறியும் கிளப் த்ரோவில், எஃப்51 வகையில், தரம்பிருக்குத் தங்கம், பிரணவ் சூர்மாவுக்கு வெள்ளி. அந்தப் போட்டியை இந்தியாவில் வளர்த்தவர் அமித் சரோஹா, தானும் எறிந்துகொண்டே அடுத்தவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தவர், தரம்பிர் அவருடைய ஆள்தான். சரோஹாவைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுத வேண்டும், இங்கே இடமில்லை.

எஃப்46 ஈட்டியில் இப்போது என்ன நிலைமை தெரியுமா? ஆள் போதவில்லை என்று ஒரு காலத்தில் வெட்டப்பட்ட வகையில் இந்தியாவிலேயே கூட்டம் நெரிகிறது. குர்ஜர் 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில் 68.60 எறிந்து உலக சாதனையைக் கையில் எடுத்தார், அந்தப் போட்டியில் மூன்று பதக்கமும் இந்தியர்களுக்கே. பாரிஸில் கியூபாவின் கியெர்மோ வரோனா 66.14, அஜீத் சிங் 65.62, குர்ஜர் 64.96. ரியோ இறுதியில் பதினேழு பதினெட்டு வயசுப் பையனாக ஐந்தாவது வந்த ரிங்கு ஹூடா பாரிஸிலும் ஐந்தாவதுதான், ஆனால் 2025 இல் டெல்லியில் நடந்த உலகப் போட்டியில் தங்கத்தை வாங்கிவிட்டார், குர்ஜருக்கு வெள்ளி. ஜஜாரியா டோக்கியோவில் எறிந்த தூரத்தைப் பாரிஸில் எறிந்திருந்தால் பதக்கமே கிடைத்திருக்காது. குர்ஜரும் ரிங்குவும் இன்னும் எறிந்துகொண்டுதான் இருக்கிறார்கள், எஃப்46 இறுதி வரும்போது கண் விழித்துப் பாருங்கள், அவர்களுடைய இடது தோளைப் பாருங்கள்.